மாட்டுக் கொட்டகைக்கு மூட்டமா, விசிறியா, வலையா, எண்ணெயா? மூச்சுக்குழல் நரம்பை வைத்து ஓர் ஒப்பீடு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கறவை மாடு வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "டாக்டர், கொசு தாங்கல. மாடு ராத்திரி பூரா காலை உதைக்குது, படுக்கவே மாட்டேங்குது. எங்கப்பா காலத்துல இருந்து வேப்பிலை மூட்டம்தான். மகன் ஃபேன் வாங்கலாங்கிறான். பக்கத்துக் கொட்டகையில வலை கட்டிட்டாங்க. எதைச் செய்யறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் கொசுவையும் பணத்தையும் கணக்குப் பார்ப்பார்கள். மாட்டின் மூச்சுக்குழலுக்குள் ஓடும் உணர்வு நரம்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைச் சேர்த்தால் விடை கொஞ்சம் மாறும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு வீட்டில் மூன்று வாரமாக இருமும் கலப்பினப் பசு ஒன்றைப் பார்க்கப் போனேன். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, தீவனம் நன்றாகத் தின்கிறது. இரண்டு சுற்று ஊசியும் போட்டு முடித்திருந்தார்கள். "எப்போ இருமுது?" என்று கேட்டேன். வீட்டம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாயங்காலம் பால் கறக்குற நேரத்துலதான் சார்" என்றார். ஆறரை மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர். மூலையில் ஓர் ஓட்டைச் சட்டியில் வறட்டி, அதன்மேல் பச்சை வேப்பிலை. புகை கூரைவரை போய், ஆறி, திரும்ப இறங்கியது. பசு கழுத்தை முன்னால் நீட்டி, வாயை லேசாகத் திறந்து, நாக்கு நுனி வெளியே தெரிய, இரண்டு முறை வறட்டு இருமல் இருமியது. பத்தடி தள்ளி வாசலில் கட்டியிருந்த எருமைக்கு ஒன்றுமில்லை. சட்டியை வெளியே காற்று வரும் பக்கம் மாற்றச் சொன்னேன். பத்து நாளில் இருமல் நின்றது.

## முதலில் அந்த நரம்பு

மாட்டின் மூக்குக்குள் இருக்கும் எரிச்சலை ஐந்தாம் மண்டை நரம்பு மூளைக்குச் சொல்கிறது. குரல்வளையிலிருந்து நுரையீரல் வரைக்கும் பெரும்பகுதி வேகஸ் என்கிற பத்தாம் மண்டை நரம்பின் பொறுப்பு. அதில் மூன்று வகை இழைகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதல் வகை, நுரையீரல் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று அளப்பது. "போதும், மூச்சை விடு" என்று சொல்லும் இழை இது. 1868லேயே ஹெரிங், ப்ரூயர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்த அனிச்சைச் செயலைக் கண்டு எழுதிவிட்டார்கள். நம் பேச்சுக்கு இது அதிகம் தேவைப்படாது.

இரண்டாவது வகை மூச்சுக்குழலின் உள்தோலுக்கு அடியிலேயே இருப்பது. தொட்டாலோ, தூசி பட்டாலோ சட்டென்று இருமலை எழுப்பும். மருத்துவர் மாட்டின் தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழலை விரலால் அழுத்திப் பார்ப்பார், கவனித்திருப்பீர்கள். நல்ல மாடு பெரும்பாலும் சும்மா இருக்கும். உள்ளே புண்பட்ட மாடு உடனே இருமிவிடும். இந்த இழைகள் எவ்வளவு எளிதில் தூண்டப்படுகின்றன என்பதைத்தான் அவர் சோதிக்கிறார்.

மூன்றாவது வகைதான் முக்கியம். மேலுறை இல்லாத மெல்லிய சி இழைகள். செய்தி நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் மெதுவாகத்தான் போகும், ஆனால் ரசாயனத்தைக் கண்டுபிடிப்பதில் கெட்டி. இவற்றின் நுனியில் இரண்டு வகைக் கதவுகள் இருக்கின்றன. ஒன்று டிஆர்பிவி1. மிளகாயின் காரத்துக்கும் சூட்டுக்கும் திறப்பது. 1997ல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஜூலியஸின் குழு இதைக் கண்டுபிடித்தது, 2021 நோபல் பரிசில் இந்தக் கண்டுபிடிப்புக்குப் பங்கு உண்டு. இன்னொன்று டிஆர்பிஏ1. கடுகின் நெடிக்குத் திறப்பது. விறகோ சருகோ புகையும்போது வரும் அக்ரோலின் என்ற பொருளுக்கும் இதே கதவுதான் திறக்கிறது.

கதவு திறந்தால் என்ன ஆகும்? மூச்சு ஒரு கணம் நிற்கும், பிறகு மேலோட்டமாக வேகமாக ஓடும். குழல் சுருங்கும், சளி சுரக்கும், இதயத் துடிப்பு குறையும். நம் நாட்டு உடலியங்கியல் அறிஞர் ஏ. எஸ். பெய்ன்டால் 1950களில் பூனையின் நுரையீரலில் கண்டறிந்த ஜே ஏற்பிகளும் இதே சி இழைக் குடும்பம்தான்.

மாட்டுக்கு இதில் கூடுதலாக ஒரு பிரச்சினை இருக்கிறது. உடம்பின் அளவோடு பார்த்தால் அதன் நுரையீரல் சிறியது. அந்த நுரையீரலும் சின்னச் சின்னப் பாத்திகளாகத் தடுக்கப்பட்டிருக்கும், ஒரு பாத்திக்குப் போகும் குழல் சுருங்கினால் பக்கத்துப் பாத்தியிலிருந்து காற்று கடன் வாங்க வழி கிடையாது. நாய்க்கு அந்த வழி உண்டு. அதனால் நாம் இருமிவிட்டுப் போகிற அளவு எரிச்சல் மாட்டுக்கு அப்படிக் கடந்து போவதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து. மூக்கு உயரத்தில் காற்று என்ன ஆகிறது? படுத்திருக்கும் மாட்டின் மூக்கு தரையிலிருந்து ஓரிரு அடிதான், கன்றுக்கு அதைவிடக் கீழே. இரண்டாவது, எந்தப் பூச்சியை விரட்டுகிறது: இரவுக் கொசுவா, பகலில் காலைக் கடிக்கும் மாட்டு ஈயா, கொசுவைவிடச் சிறிய, கண்ணுக்கு எளிதில் தெரியாத கடிப்பூச்சியா? மூன்று நாள் காய்ச்சலைப் பரப்புவது கொசுவும் அந்தச் சிறு பூச்சியும். 2019ல் இந்தியாவுக்குள் வந்து 2022ல் பெரிய அழிவைச் செய்த தோல் கழலை நோயில் கடிக்கும் ஈக்களுக்கும் பங்கு உண்டு. ஆக, பூச்சியை விரட்டாமல் இருப்பதும் வழி கிடையாது. மூன்றாவது, எத்தனை மணி நேரம் காக்கிறது. நான்காவது செலவு, கண்ணுக்குத் தெரியாததையும் சேர்த்து. ஐந்தாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: பிடிக்கவில்லையென்றால் மாடு விலகிப் போக முடியுமா?

## வேப்பிலை மூட்டம்

மூட்டத்துக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. காசு செலவில்லை, இரண்டு கிளை வேம்போ நொச்சியோ போதும். புகை இருக்கும் நேரத்தில் கொசு குறைகிறது என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கரண்ட் போனாலும் வேலை செய்யும்.

ஆனால் நரம்புக்கு வேப்பிலைப் புகை, வைக்கோல் புகை என்ற வேறுபாடு தெரியாது. பச்சை இலை எரியாமல் குமைவதால்தான் புகை வருகிறது, அப்படிக் குமையும்போதுதான் அக்ரோலின் மாதிரிப் பொருள்களும் நுண்துகளும் அதிகம் கிளம்புகின்றன. ஒரு கறவை மாடு ஒரு மூச்சுக்கு 3, 4 லிட்டர் காற்றை இழுக்கிறது. நிமிடத்துக்கு 25 மூச்சு என்று வைத்தால்கூட ஒரு மணி நேர மூட்டத்தில் 5000 லிட்டர் புகைக் காற்று உள்ளே போய் வருகிறது. வேம்பு நல்லது என்ற நம்பிக்கையில் நானும் பங்குள்ளவன்தான். அது இலைக்கும் எண்ணெய்க்கும் பொருந்தும், புகைக்குப் பொருந்தாது.

மறைமுகச் செலவைப் பாருங்கள். மூட்டம் ஆறு மணிக்குப் போட்டு ஏழரைக்கு அணைகிறது. சாக்கடைக் கொசு நடுராத்திரியிலும் கடிக்கும். அந்த நேரத்தில் காவல் இல்லை. பகலில் கடிக்கும் மாட்டு ஈக்குச் சாயங்கால மூட்டத்தால் எந்தப் பாதிப்பும் இல்லை. கீற்றுக் கொட்டகையில் தீப்பொறி பயம் தனி. பால் கறக்கும் நேரத்தில் புகை போட்டால், மிரண்டு இருமும் மாட்டுக்கு அட்ரினலின் ஏறும், பால் இறங்கச் செய்யும் ஆக்சிடோசினின் வேலை தடைபடும். மடியில் பால் இருந்தும் மாடு தராது. சிலர் புகை நிறைய வரட்டும் என்று பழைய உரச்சாக்கையும் உள்ளே போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிளாஸ்டிக் புகை மாட்டையும் கெடுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து கறப்பவரையும் கெடுக்கும்.

சரி, அப்படியானால் மூட்டமே தப்பா? தெற்கு சூடானில் டிங்கா மக்களின் மாட்டுப் பட்டிகளில் சாணத்தைக் குவித்து நாள்தோறும் புகை போடுகிறார்கள். மாடுகள் தாமாகவே வந்து அந்தப் புகை ஓரத்தில் நிற்கும். நம் ஊரிலும் கிடை போட்ட இடத்தில் இதைக் காணலாம். கடி தாங்காத மாடு புகை ஓரமாகப் போகும், கண் எரிந்தால் நாலடி தள்ளி நிற்கும். எவ்வளவு புகை வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. அதே புகையைத் தகரக் கொட்டகைக்குள் போட்டு, மாட்டை இரண்டடிக் கயிற்றில் கட்டினால் அந்த முடிவை அதனிடமிருந்து பிடுங்கிவிட்டோம். என்னைக் கேட்டால், மூட்டத்தில் தப்பு இலையிலும் இல்லை, சட்டியிலும் இல்லை, அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது.

இதோடு ஒரு வார்த்தை கொசுவத்தி பற்றி. "அதில் புகை கம்மிதானே" என்பார்கள். 2003ல் வந்த ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். கண்ணுக்குக் குறைவாகத் தெரிவதால் மூச்சுக்குழலுக்கும் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம்.

## மின்விசிறி

நரம்பின் பக்கம் நின்று பார்த்தால் இதுதான் முதலிடம். கொசுவுக்குப் பறக்கும் பலம் குறைவு, சீரான காற்றை எதிர்த்து வந்து உட்கார அதனால் முடியாது. மாட்டின் மூச்சும் உடல் வாசனையும் கலைந்துபோவதால் தேடிவரும் வழியும் அதற்குக் குழம்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, விசிறி தரையில் தேங்கும் அம்மோனியாவைக் கலைக்கிறது.

அம்மோனியாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மூத்திரத்தில் இருக்கும் யூரியாவைச் சாணியில் உள்ள நொதி உடைப்பதால் வருவது அது. தண்ணீரில் உடனே கரையும் என்பதால் மூக்கு, குரல்வளை, மூச்சுக்குழல் என்று ஈரமான மேல்பகுதியிலேயே படிந்து, அங்குள்ள எரிச்சல் நரம்பைத் தூண்டிக்கொண்டே இருக்கும். மனிதர் நாள் முழுக்க வேலை செய்யும் இடத்துக்கு 25 பிபிஎம்தான் (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு) வரம்பு என்று அமெரிக்காவின் தொழில்நலன் நிறுவனம் சொல்கிறது. மாடு இரவு முழுக்க அதன் மேலேயே படுத்திருக்கிறது. கருவி எதுவும் தேவையில்லை. விடியற்காலை கதவைத் திறந்ததும் கன்று படுத்திருக்கும் இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, மூக்கைக் கன்றின் மூக்கு உயரத்துக்குக் கொண்டுபோய் ஐந்து நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். கண் கரித்தால் உங்கள் கொட்டகையின் முதல் எதிரி கொசு கிடையாது.

செலவுக் கணக்கு எளிது. 75 வாட் சாதா விசிறி 12 மணி நேரம் ஓடினால் 0.9 யூனிட், மாதத்துக்கு 27 யூனிட். குறைந்த மின்சாரம் இழுக்கும் 35 வாட் பிஎல்டிசி விசிறி என்றால் மாதம் 13 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். கொட்டகை எந்தக் கட்டண வகையில் வரும் என்பதை மின்வாரியத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறைமுகச் செலவு மூன்று இடத்தில் இருக்கிறது. முதலில் வயரிங். மனிதனைவிட மாட்டுக்கு மின்கசிவு சீக்கிரம் ஆபத்து. ஈரத் தரை, இரும்புக் கம்பம், எலி கடித்த வயர் மூன்றும் சேர்ந்தால் ஓர் இரவில் மாடு போய்விடும். நில இணைப்பும் கசிவைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்சும் இல்லாமல் விசிறி மாட்டக் கூடாது, இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டாவது தூசி. நனைந்து காய்ந்த வைக்கோல் போருக்கு நேராக விசிறியைத் திருப்பினால் பூஞ்சைத் தூசி முழுக்க மாட்டின் முகத்தில்தான் அடிக்கும். இரண்டாவது வகையாகச் சொன்ன இருமல் இழைகளுக்கு அதைவிட வேறு வினை வேண்டாம். விசிறியின் காற்று தீவனத்தைத் தொடாமல், மாட்டின் பக்கவாட்டில் அடித்து வெளியே போகட்டும். மூன்றாவது, மாட்டு ஈ நன்றாகப் பறக்கக்கூடியது. விசிறி அதைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது.

மழைக்கால இரவில் பிறந்து சில நாளே ஆன கன்றின்மேல் நேரடிக் காற்று வேண்டாம். குளிர்ந்துபோன கன்றுக்குச் சளி பிடித்தால் ஆதாயத்தைவிட நஷ்டம் அதிகம்.

## கொசுவலை

புகை இல்லை, இரைச்சல் இல்லை, இரவு முழுக்கக் காவல். ஒரு முறை செலவு. கொசுவை மட்டும் கணக்கெடுத்தால் வலைக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன்.

சிக்கல் காற்றில் இருக்கிறது. மழைக்கால முடிவில் வலையில் தூசியும் சிலந்திக்கூடும் சாணித் தெறிப்பும் அடைத்து, ஓட்டைகள் பாதி மூடிக்கொள்ளும். உள்ளே சூடும் ஈரமும் அம்மோனியாவும் தேங்கும். வெளியிலிருந்து கொசு வராத கொட்டகையில் மாடு மேலோட்டமாக வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் "கொசு இல்லாததால நிம்மதியா இருக்கு சார்" என்றார். மாட்டின் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணச் சொன்னேன், 60ஐத் தாண்டியது. ஓய்வில் இருக்கும் வளர்ந்த மாட்டுக்கு 15 முதல் 35 வரைதான் இயல்பு.

இன்னொன்று, மூன்று நாள் காய்ச்சலைப் பரப்பும் அந்தச் சிறு பூச்சி சாதாரணக் கொசுவலை ஓட்டையில் புகுந்து வந்துவிடும். அதைத் தடுக்க ஓட்டையை இன்னும் சிறிதாக்கினால் காற்று இன்னும் குறையும். வலை கட்டுவதென்றால் மாதம் ஒரு முறையாவது கழற்றிக் கழுவும் ஆள்பலம் வேண்டும், உள்ளே ஒரு விசிறியும் வேண்டும். அந்த இரண்டையும் விலையில் சேர்த்துப் பாருங்கள்.

## எண்ணெய் தடவுதல், மருந்து தெளித்தல்

வேப்பெண்ணெய், புங்கெண்ணெய் தடவுவது மேய்ச்சல் மாட்டுக்குப் பொருத்தம். கொட்டகையைச் சார்ந்து நிற்காத வழி இது, பகல் ஈக்கும் ஓரளவு கேட்கும். நாலைந்து மணி நேரத்தில் வேகம் குறையும், திரும்பத் தடவ வேண்டும். கறவைக்கு முன் தடவினால் பாலில் வாடை ஏறும் என்பதால் கறந்த பிறகு தடவுங்கள், மடியிலும் காம்பிலும் வேண்டாம்.

சிலர் கற்பூரத்தைப் பொடித்து எண்ணெயில் கலக்கிறார்கள். மேலே சொன்ன இரண்டு கதவுகளில் கற்பூரம் காரக் கதவைத் திறக்கிறது, கடுகுக் கதவைத் தடுக்கிறது. அதனால் முதுகில், வாலடியில் கொஞ்சம் தடவுவதோடு சரி. மூக்கருகில் தடவ வேண்டாம்.

பூச்சிமருந்துத் தெளிப்பு கடைசிப் படி. ஈ தாங்காத போது, மருத்துவர் சொன்ன அளவில், திறந்த வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று அடிக்க வேண்டும். மூடிய கொட்டகைக்குள் மாட்டை வைத்துக்கொண்டே அடிப்பதை நிறுத்துங்கள், அந்தத் துளிகள் நேராக மூச்சுக்குழலுக்குத்தான் போகும். பாலுக்கான இடைவெளி நாள் லேபிளில் இருக்கும், அதைப் படிக்காமல் அடிக்கவே கூடாது.

## உங்கள் கொட்டகைக்கு எது

மூன்று பக்கம் சுவரும் தகரமும் உள்ள கட்டுக் கொட்டகை என்றால் விசிறி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பணம் இருந்தால் கூரை முகட்டில் சூடான காற்று வெளியேற ஒரு வழியும் வையுங்கள்.

வயலிலோ தோப்பிலோ கிடை, மின்சாரம் இல்லை, மாடு அவிழ்ந்து கிடக்கிறது என்றால் மூட்டம் நல்ல வழிதான். காற்று வரும் பக்கம் பத்துப் பதினைந்தடி தள்ளிப் போடுங்கள். ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி மாட்டின் மூக்கு உயரத்தில் பிடித்தால் காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். புகை மாட்டின் காலோரமாக மெலிதாகக் கடந்து போக வேண்டும், முகத்தில் முட்டக் கூடாது. கறவை முடிந்த பிறகு அரை மணி நேரம் போதும்.

குளம் குட்டைக்குப் பக்கத்தில், நல்ல காற்றோட்டமுள்ள, உயரமான, நாலு பக்கமும் திறந்த கொட்டகை என்றால் வலை கட்டலாம். தாழ்ந்த கீற்றுக் கொட்டகைக்கு வலை ஒத்துவராது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு வேலை பொதுவானது. சாக்கடைக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். மாட்டு ஈ அழுகிய வைக்கோலிலும் சாணியிலும் வளர இரண்டு மூன்று வாரம் எடுக்கும். வாரம் ஒரு முறை தண்ணீர்த் தேக்கத்தை வடித்து, தீவனக் காடிக்கு அடியில் அழுகிக் கிடக்கும் வைக்கோலை வாரிவிட்டால் இரண்டின் சுற்றும் அறுபடும், மூத்திரம் தேங்காததால் அம்மோனியாவும் குறையும். நான்கு வழிகளையும்விட மலிவானது இது.

கடைசியாக, சளிக் காய்ச்சலிலிருந்து மீண்ட மாடும் கன்றும் தனிக் கணக்கு. நோய்க்கிருமி மூச்சுக்குழலின் உள்தோலை உரித்துவிட்டால் நரம்பு நுனிகள் வெளியே தெரிய நிற்கும். முன்பு தாங்கிய புகைக்கும் வாடைக்கும் இப்போது இருமும். தோல் மூடி நரம்பு அடங்கச் சில வாரம் ஆகலாம். அதுவரை அந்த மாட்டுக்கு மூட்டமும் வேண்டாம், கொசுவத்தியும் வேண்டாம். வாசல் ஓரமாக, காற்று வரும் இடத்தில் கட்டுங்கள். தீவனத்தில் தண்ணீர் தெளித்துத் தூசி அடங்கியபின் வையுங்கள்.